கூண்டு எண்ணிலிருந்து எக்ஸ்எம்எல் வரை: கடலூர்க் கரையில் புயல் எச்சரிக்கைச் செய்தி வடிவம் பெற்ற வரலாறு

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானால் தமிழ் நாளிதழ்களில் தவறாமல் ஒரு வரி வரும்: கடலூர் துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது. பழகிப்போன வரி என்பதால் அதற்குள் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று யாரும் நின்று பார்ப்பதில்லை. ஓர் எண், அதை ஏற்றச் சொல்லும் அலுவலகம், ஏற்றிய நேரம், அது பொருந்தும் இடம், அந்த எண்ணுக்கு எல்லோரும் முன்பே ஒப்புக்கொண்ட பொருள் என எல்லாம் அதில் உண்டு. கணினித் துறையினர் இன்று செய்தி ஸ்கீமா என்று சொல்வதன் உறுப்புகள் அத்தனையும் அந்தக் கம்பத்தில் தொங்குகின்றன.

அந்தக் கம்பத்திலிருந்து இன்றைய கைபேசித் திரைக்கு எச்சரிக்கை வந்து சேர்ந்த வழியை, கடலூர், சிதம்பரம் கரையை நிலைக்களமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. அலுவலகம் ஒன்று தன் பயன்பாட்டுக்காக வைத்திருக்கும் தரவு மாதிரியிலிருந்து, வெளியே அனுப்பும் செய்தியின் ஸ்கீமாவை எப்படி வடிப்பது என்பது கணினி வல்லுநர்களின் நெடுநாள் கேள்வி. மாதிரியை அப்படியே பெயர்த்து எழுதினால் போதும் என்போர் உண்டு. எச்சரிக்கைச் செய்தியைப் பொறுத்தவரை அது போதாது; கேட்பவர் அடுத்து என்ன செய்யப்போகிறார் என்பதே செய்தியின் வடிவத்தை முடிவு செய்ய வேண்டும் என்பது என் துணிபு. கூண்டு முறையின் வரலாறும் அதையே காட்டுகிறது.

பதினொரு எண்கள்

1749 ஏப்ரலில் கடலூரையொட்டிய தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டைப் பக்கம் வீசிய புயலில் நாமூர், பெம்புரோக் என்னும் இரண்டு ஆங்கிலேயப் போர்க்கப்பல்கள் அழிந்தன. நாமூரில் மட்டும் 500க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கரையில் பெரிய கோட்டை இருந்தும், வரப்போவதை அறியவோ கப்பலுக்கு அறிவிக்கவோ வழி இல்லாத காலம் அது. 1864 அக்டோபரில் கல்கத்தாவைத் தாக்கிய புயலுக்குப் பிறகே நிலைமை மாறத் தொடங்கியது. அடுத்த ஆண்டே கல்கத்தா துறைமுகத்தில் புயல் எச்சரிக்கை முறை ஏற்பட்டது. 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை உருவாயிற்று. 1886க்குள் எச்சரிக்கை முறை நாட்டின் எல்லாத் துறைமுகங்களுக்கும் விரிந்தது. ஆனால் துறைமுகத்துக்குத் துறைமுகம் அடையாளங்கள் வேறுபட்டன. 1898 ஏப்ரல் 1 முதல் ஒரே சீரான முறை நடைமுறைக்கு வந்தது. பகலில் கூம்பும் உருளையுமான கூண்டுகள், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள்.

இந்த எண்களைத் தரவு வடிவமைப்பாளரின் கண்ணோடு பார்ப்பது பயன் தரும். 1, 2 ஆகியவை தொலைவில் கடலுக்குள் இருக்கும் தாழ்வு மண்டலத்தையும் புயலையும் குறிக்கும். துறைமுகத்துக்கு இன்னும் ஆபத்தில்லை, புறப்படும் கப்பல் யோசித்துப் புறப்பட வேண்டும். 3, 4 ஆகியவை உள்ளூர் எச்சரிக்கைகள். 5, 6, 7 ஆகியவற்றில்தான் வகுத்தவர்களின் கூர்மை தெரிகிறது. புயல் துறைமுகத்தைத் தன் இடப்புறம் விட்டுக் கரை கடந்தால் 5. வலப்புறம் விட்டுக் கடந்தால் 6. துறைமுகத்தின் மேலோ மிக அருகிலோ கடந்தால் 7. கடும் புயலுக்கு இதே வரிசையில் 8, 9, 10. ஆக, 5 முதல் 10 வரையுள்ள ஆறு எண்களும் இரண்டு பண்புகளைப் பெருக்கிக் கிடைத்தவை. கடுமை இரண்டு நிலை, பாதை மூன்று நிலை.

பாதைக்கு ஏன் இவ்வளவு இடம் கொடுத்தார்கள்? நம் கிழக்குக் கரைக்கு மேற்கு நோக்கி வரும் புயலின் வலப்புறம் என்றால் வடக்கு. அங்கே காற்று கடலிலிருந்து கரையை நோக்கி அடித்து அலையைக் கரைமேல் ஏற்றும். தென்புறத்தில் காற்று கரையிலிருந்து கடல் பக்கம் அடிக்கும். நங்கூரத்தை எடுத்துக்கொண்டு வெளியேறுவதா, கட்டிப்போட்டுவிட்டு நிற்பதா என்று மாலுமி முடிவெடுக்க அந்த ஒரு தகவல் வேண்டும். மைய அழுத்தம், அட்சரேகை, நகரும் வேகம் எல்லாம் வானிலை அலுவலகத்தின் பதிவேட்டில் இருந்திருக்கும். அவற்றில் ஒன்றுகூடக் கூண்டில் ஏறவில்லை.

பதினோராம் எண்ணைத் தனியே சொல்ல வேண்டும். வானிலை அலுவலகத்தோடு தகவல் தொடர்பு அறுந்துவிட்டது என்பது அதன் பொருள். புயலைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. தனக்கு எதுவும் தெரியாமல் போய்விட்டது என்பதை மட்டும் சொல்கிறது. தந்திக் கம்பி அறுந்த இரவில் வெறுமையாக நிற்கும் கம்பத்தை ஆபத்தில்லை என்று யாரும் படித்துவிடக் கூடாதே என்று யோசித்து ஒரு தனி எண்ணையே ஒதுக்கியிருக்கிறார்கள். சிறு துறைமுகங்களுக்கென்று இதே பட்டியலிலிருந்து 3, 4, 7, 10, 11 ஆகிய ஐந்தை மட்டும் எடுத்த சுருக்க முறையும் உண்டு. இன்றைய சொல்லில் அது ஒரு புரொஃபைல். ஐந்தாகக் குறைத்தபோதும் பதினொன்றை விடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

கரைக்குள் வந்த செய்தி

கூண்டு கப்பலுக்கானது. தேவனாம்பட்டினத்திலோ சாமியார்பேட்டையிலோ கட்டுமரம் தள்ளுபவருக்கும், பிச்சாவரத்துக் கழிமுகத்தில் இறால் பிடிப்பவருக்கும் செய்தி வேறு வழியில் வந்தது. ஆட்சியருக்குத் தந்தி, அங்கிருந்து வட்டாட்சியர், கிராமக் கணக்கர், கடைசியில் தண்டோரா. ஒவ்வொரு கட்டத்திலும் செய்தி மீண்டும் எழுதப்பட்டது அல்லது வாயால் சொல்லப்பட்டது. எழுதும்போதெல்லாம் ஏதோ ஒன்று உதிர்ந்தது. 1980களில் இன்சாட் செயற்கைக்கோள் வழியாகக் கரையோர ஊர்களில் பெறும் கருவிகள் வைக்கப்பட்டன. மாவட்டத்துக்கு ஒரு முகவரிக் குறி கொடுத்து, அந்தக் குறியுள்ள கருவிகளை மட்டும் சங்கொலியால் எழுப்பி, உள்ளூர் மொழியில் குரலாகச் செய்தி சொன்ன ஏற்பாடு அது. யாருக்குப் போக வேண்டும் என்பதைச் செய்தியே சுமந்து சென்றது ஒரு பெரிய அடி. 1999 முதல் வானிலைத் துறை நான்கு கட்ட எச்சரிக்கைக்கு மாறியது. 72 மணி நேரத்துக்கு முன் புயல் முன்கவனிப்பு, 48 மணி நேரத்துக்கு முன் உஷார் நிலை, 24 மணி நேரத்துக்கு முன் எச்சரிக்கை, 12 மணி நேரத்துக்கு முன் கரை கடந்த பிறகான நிலை பற்றிய முன்னறிவிப்பு. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நாம் இன்று பேசும் நிறங்கள் இந்த வழியில் வந்தவைதான்.

2004

செய்தியின் பகுதிகளைப் பெயரிட்டுக் குறித்து இயந்திரங்கள் படிக்கும்படி எழுதும் எக்ஸ்எம்எல் மொழி 1998 பிப்ரவரியில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் பரிந்துரையாக வெளிவந்தது. எக்ஸ்எம்எல் ஸ்கீமா 2001 மேயில். 2000 நவம்பரில் அமெரிக்க அரசின் குழு ஒன்று, பேரிடர் எச்சரிக்கைகளுக்குப் பொதுவான ஒரு வடிவம் தேவை என்று அறிக்கை தந்திருந்தது. மறு ஆண்டில் ஆர்ட் பாட்டரெல் என்பவரின் முன்முயற்சியில் 130க்கும் மேற்பட்ட பேரிடர் மேலாளர்களும் தொழில்நுட்பர்களும் கூடி வேலையைத் தொடங்கினார்கள். அவர்கள் எக்ஸ்எம்எல் வடிவில் வரைந்த பொது எச்சரிக்கை நெறிமுறையின் முதல் பதிப்பை ஓயாசிஸ் என்னும் தர அமைப்பு 2004 ஏப்ரலில் ஏற்றது. இத்துறையினர் இதைச் சுருக்கமாகக் கேப் என்பார்கள்.

எட்டு மாதம் கழித்து, டிசம்பர் 26 காலையில் சுனாமி வந்தது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தனர். தேவனாம்பட்டினம், சாமியார்பேட்டை, சிதம்பரத்துக்குக் கிழக்கே கிள்ளை அருகே எம்.ஜி.ஆர். திட்டு என்று இழப்பைச் சுமந்த ஊர்களின் பட்டியல் நீளும். சுமத்ராவில் நிலம் அதிர்ந்ததற்கும் நம் கரையில் அலை ஏறியதற்கும் இடையே ஏறக்குறைய இரண்டு மணி நேரம் இருந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் சொல்ல ஆள் இல்லை, சொல்லும் வடிவமும் இங்கு வந்து சேர்ந்திருக்கவில்லை.

விதிவிலக்காக ஓர் ஊர் இருந்தது. புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே உள்ள நல்லவாட்டைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்தார். அங்கிருந்து அவர் வீட்டுக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அவ்வூரில் நடத்திவந்த அறிவு மையத்தில் ஒலிபெருக்கி இருந்தது. அலை உயரத்தையும் மீன் விலையையும் நாள்தோறும் சொன்ன அதே ஒலிபெருக்கி. ஊரை விட்டு வெளியேறச் சொல்லி அதில் அறிவித்தார்கள். ஊர் பிழைத்தது. சொன்னவர் யார் என்பது தெரிந்தது, எந்த ஊருக்கு என்பது தெரிந்தது, என்ன செய்ய வேண்டும் என்பதும் உடனே செய்ய வேண்டும் என்பதும் தெரிந்தது. நல்ல ஸ்கீமா ஒன்றில் கட்டாயப் புலங்களாக இருக்க வேண்டிய நான்கும் அந்தத் தொலைபேசி அழைப்பில் இருந்தன.

வலையை மரமாக்குதல்

வானிலை அலுவலகத்தின் தரவை ஒரு தரவுத்தள வடிவமைப்பாளர் வரைந்தால் புயல், நோக்கு, கணிப்பு, மாவட்டம் என்று பெட்டிகள் வரும். ஒரு புயலுக்குப் பல கணிப்புகள். ஒரு கணிப்பில் பல மாவட்டங்கள். ஒரு மாவட்டம் பல கணிப்புகளில். பின்னிப் பிணைந்த வலை அது. சேமித்து வைக்க வலை சரியானது, ஒரு தகவலை ஓரிடத்தில் மட்டும் எழுதினால் போதும். எக்ஸ்எம்எல் செய்தியோ மரம். ஒரு வேர், அதிலிருந்து கிளைகள். வலையை மரமாக்கும்போது எந்தப் பெட்டியை வேராக்குவது என்பதே முதல் கேள்வி. பலரும் யோசிக்காமல் தரவுத்தளத்தின் முதன்மைப் பெட்டியை வேராக்கிவிடுவார்கள். இங்கே அது புயலாகியிருக்கும்.

கேப் வகுத்தவர்கள் புயலை வேராக்கவில்லை. அதில் புயல் என்பது நிகழ்வு என்னும் ஒரு புலத்தில் எழுதப்படும் வெறும் சொல். வேராக நிற்பது அறிவிக்கும் செயல்: அனுப்புபவர், அடையாள எண், அனுப்பிய நேரம், உண்மையா ஒத்திகையா என்ற நிலை, புதிதா திருத்தமா ரத்தா என்ற வகை. அதன் கீழே விவரத் தொகுதி, விவரத்தின் கீழே இடத் தொகுதியும் படம், ஒலி போன்ற இணைப்புகளும். விவரத் தொகுதி எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம். ஒரே செய்திக்குள் தமிழில் ஒன்றும் ஆங்கிலத்தில் ஒன்றும் வைக்க முடிவது இதனால்தான். மொழிப் புலத்தை நிரப்பாமல் விட்டால் அமெரிக்க ஆங்கிலம் என்று கொள்ளப்படும் என்று தரநிலை சொல்கிறது. தமிழில் செய்தி எழுதுபவர் மறக்கக் கூடாத விதி இது.

சேமிப்பில் பிழையாகக் கருதப்படும் ஒன்று செய்தியில் அறமாகிறது. மாவட்டப் பெயரைத் தரவுத்தளத்தில் ஒருமுறை எழுதிவிட்டு மற்ற இடங்களில் எண்ணால் சுட்டுவோம். செய்தியில் அப்படிச் சுட்டினால், பெறும் கருவி அந்த எண்ணின் பொருளைச் சர்வரிடம் கேட்டாக வேண்டும். தானே புயல் கடந்த 2011 டிசம்பர் 30 காலையில் அந்தச் சர்வரைக் கேட்க யாரால் முடிந்திருக்கும்? மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வேகக் காற்று புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை ஏறியது. மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. பண்ருட்டியின் பலாவும் முந்திரியும் வேரோடு போயின. செய்தி தனியாக வந்து தனியாக நின்று பொருள் தர வேண்டும். ஆகவே இடத்தின் பெயர், எல்லைக்கோடு, குறியீட்டு எண் மூன்றையும் செய்திக்குள்ளேயே வைக்கக் கேப் இடம் தருகிறது.

கூண்டில் பெருக்கிவைத்த பண்புகளை இந்த ஸ்கீமா பிரித்துவிட்டது. அவசரம், கடுமை, உறுதி ஆகிய மூன்றும் தனித்தனிப் புலங்கள். நான்கு நாள் தள்ளி வரக்கூடிய பெரும்புயல் கடுமையில் உச்சம், அவசரத்தில் பின்னர், உறுதியில் நிகழக்கூடியது. அணை திறந்துவிட்ட நீர் அவசரத்தில் உடனே, உறுதியில் கண்ணால் கண்டது. இரண்டையும் ஒரே எண்ணில் அடைக்க முடியாது. பதிப்புக்குப் பதிப்பு நடந்த மாற்றங்கள் இன்னும் சுவையானவை. முதல் பதிப்பின் உறுதிப் பட்டியலில் மிகவும் வாய்ப்புண்டு, வாய்ப்புண்டு என இரண்டு படிகள் இருந்தன. 2005 அக்டோபரில் வந்த 1.1 பதிப்பு முதலாவதைக் கைவிட்டது. அதே பதிப்பில் செய்ய வேண்டியதன் வகை என்று ஒரு புதிய புலம் சேர்ந்தது: வெளியேறு, ஒதுங்கு, தயாராகு. 2010 ஜூலையின் 1.2 பதிப்பு அந்தப் பட்டியலில் தவிர்த்துவிடு, ஆபத்து நீங்கியது என்ற இரண்டைக் கூட்டியது. அனுப்புபவருக்கு முக்கியமான நுண்பிரிவு குறைந்தது. பெறுபவருக்கு வேண்டியது கூடியது.

வணிக உலகம் இதே காலத்தில் வேறு வழியில் நடந்தது. 2004 நவம்பரில் அதே ஓயாசிஸ் ஏற்ற யுபிஎல் என்னும் வணிக ஆவணத் தரத்தில் விலைப்பட்டியல், கொள்முதல் ஆணை போன்றவற்றின் தரவு மாதிரியை அட்டவணையாக எழுதி, பெயரிடும் விதிகளைக் கொண்டு அதிலிருந்து ஸ்கீமாவை வடித்தார்கள். அங்கே அது பொருந்தும். வாங்குபவரும் விற்பவரும் ஒரே மாதிரியான பதிவேடு வைத்திருக்கிறார்கள். வானிலை அலுவலருக்கும் சாமியார்பேட்டை மீனவருக்கும் பொதுவான பதிவேடு கிடையாது.

இலங்கையில் இதைக் களத்திலேயே சோதித்தார்கள். சுனாமிக்குப் பின் லேர்ன்ஏசியா ஆய்வு அமைப்பும் சர்வோதய இயக்கமும் சேர்ந்து கிராமங்களுக்குக் கேப் வடிவில் எச்சரிக்கை அனுப்பிப் பார்த்தன. சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மும்மொழியில் சொல்ல வேண்டிய நாட்டில் விவரத் தொகுதி பலமுறை வரலாம் என்ற அந்தச் சிறிய விதி எவ்வளவு பெரியது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

எழுபது இடம்

2007இல் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் கேப்பைத் தன் பரிந்துரையாக ஏற்றது. அதே ஆண்டு அக்டோபரில் ஐதராபாத்தில் இந்திய சுனாமி முன்னெச்சரிக்கை மையம் இயங்கத் தொடங்கியது. இந்தியாவில் கேப் அடிப்படையிலான ஒருங்கிணைந்த எச்சரிக்கை முறைக்கு முன்னோட்டக் களமாக இருந்தது தமிழ்நாடுதான். அதன்பின் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 354.83 கோடி ரூபாயில் நாடு முழுமைக்கும் விரித்தது. சி-டாட் நிறுவனம் உருவாக்கிய அந்தத் தளத்தின் பெயர் சசேத். 2023 அக்டோபரில் தமிழ்நாட்டுக் கைபேசிகள் பலவும் ஒரே நேரத்தில் அலறியது நினைவிருக்கும். செல் ஒலிபரப்பு முறையின் ஒத்திகை அது. ஸ்கீமாவின் நிலைப் புலத்தில் உண்மை, ஒத்திகை, சோதனை என்ற பிரிவு எதற்கு என்பது அன்று எல்லோருக்கும் விளங்கியிருக்கும்.

தமிழுக்கு இங்கே ஓர் இடர் உண்டு. ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 இடம். தமிழ் போன்ற யூனிகோடு எழுத்துகளுக்கு 70 மட்டுமே. அந்த 70இலும் புள்ளியும் துணைக்குறியும் தனி இடம் பிடிக்கும். எச்சரிக்கை என்ற சொல் நம் கணக்கில் ஆறெழுத்து. கணினிக்கு அது பத்து இடம். கடலூர் நான்கெழுத்து, ஆறு இடம். தமிழ்நாடு அரசு 2010இல்தான் யூனிகோடை அதிகாரப்பூர்வமாக ஏற்றது என்பதால் அதற்கு முன் அலுவலகத்துக்கு அலுவலகம் எழுத்துருக் குறியேற்றம் வேறாக இருந்தது. இன்று குறியேற்றம் ஒன்று, ஆனால் இடம் சிறிது. தலைப்புப் புலத்தை நிரப்பும் தமிழ் அலுவலர், அலுவலகத் தமிழின் நீண்ட தொடர்களை விட்டு, “கடலுக்குப் போகாதீர்” என்பது போல் எழுதப் பழக வேண்டும். இதற்கென்று சொற்பட்டியல் ஒன்றைக் கடலோர வழக்கு தெரிந்தவர்களோடு உட்கார்ந்து உருவாக்குவது தமிழறிஞர்கள் செய்யக்கூடிய உடனடி வேலை.

மழை ஓரிடம், வெள்ளம் வேறிடம்

புயலுக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்கீமா இந்த மாவட்டத்தின் வெள்ளத்துக்கு வரும்போது தடுமாறுகிறது. கொள்ளிடத்தின் நடுவிலும் கரையிலும் உள்ள திட்டுக்காட்டூர், கீழகுண்டலபாடி போன்ற சிதம்பரம் வட்டத்துச் சிற்றூர்களில் வானம் தெளிவாக இருக்கும்போதே வெள்ளம் ஏறும். மேட்டூர் நிரம்பி, முக்கொம்பைத் தாண்டி, கீழணையில் திறக்கப்பட்ட நீர் அது. 2024 டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் திறக்கப்பட்டது. தென்பெண்ணைக் கரையிலிருந்த கடலூர்ப் புறநகர்கள் மூழ்கின. கன அடி என்பது அணைப் பொறியாளரின் பதிவேட்டுச் சொல். கரையோர வீட்டில் இருப்பவருக்கு வேண்டியது தண்ணீர் தன் தெருவுக்கு எத்தனை மணிக்கு வரும் என்பதும் எங்கே போவது என்பதும். தரவு மாதிரியை அப்படியே செய்தியாக்கினால் கன அடி மட்டுமே போய்ச் சேரும்.

தொடக்கம் என்று கேப்பில் ஒரு நேரப் புலம் இருக்கிறது. ஒரே அணைத் திறப்புக்கு ஒவ்வோர் ஊர்த் தொகுதிக்கும் தனி விவரத் தொகுதி எழுதி, ஒவ்வொன்றிலும் நீர் எட்டும் நேரத்தைத் தொடக்கமாகக் குறித்தால் போதும். இதற்கு ஸ்கீமாவை மாற்ற வேண்டியதில்லை. கனடாவும் ஆஸ்திரேலியாவும் செய்திருப்பதைப் போல நமக்கான புரொஃபைலை எழுதி, ஆற்று வெள்ளத்தில் இப்புலம் கட்டாயம் என்று அதில் சொல்ல வேண்டும்.

இடத்தைக் குறிப்பதிலும் இதே கதை. கடலூர், நீலகிரியின் கூடலூர் என்று ஓசை நெருங்கிய பெயர்கள் ஆங்கில எழுத்தில் குழம்பும், எண் குழம்பாது. ஆனால் எண்ணும் நிலையானதல்ல. தென்னாற்காடு 1993இல் பிரிந்துதான் கடலூர் மாவட்டம் பிறந்தது. கடலூருக்கு வடக்கே புதுச்சேரி ஆட்சிப்பகுதியும் தமிழ்நாடும் ஊருக்கு ஊர் மாறி மாறி வரும். மாவட்ட எண்ணை மட்டும் வைத்து அனுப்பிய செய்தி நல்லவாட்டுக்கு முன்பே நின்றுவிடும். கேப்பின் பல்கோணப் புலத்துக்கு ஆட்சி எல்லை தெரியாது. குறைந்தது நான்கு புள்ளிகள், முதலும் கடைசியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே அதன் விதி.

ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது. இயந்திரங்கள் தமக்குள் பேசிக்கொள்ளப் பெற்றேன், பிழை என்ற இரண்டு வகைகளைக் கேப் வைத்திருக்கிறது. பதினோராம் எண் கூண்டுக்கு நிகராக மக்களுக்குக் காட்ட அதில் எதுவும் இல்லை. கோபுரம் சாய்ந்த ஊரில் கைபேசி அமைதியாக இருக்கும். அந்த அமைதியை ஆபத்தில்லை என்று படிக்க இடமுண்டு. காலாவதி நேரம் என்ற புலம் மட்டும் ஒவ்வொரு விவரத் தொகுதியிலும் வைக்கலாம். மீன் இறங்குதளத்திலும் ஊர்ப் பொதுவிடத்திலும் வைக்கும் அறிவிப்புப் பலகை, காலாவதி கடந்தும் திருத்தமோ ரத்தோ வராதபோது பழைய செய்தியை அழித்துவிட்டு வெறுமையாக நிற்கக் கூடாது. தொடர்பு அறுந்தது, கடைசியாகச் செய்தி வந்தது இத்தனை மணிக்கு என்று அது காட்ட வேண்டும். அதற்கு வேண்டிய புலம் 2004 முதலே ஸ்கீமாவில் இருக்கிறது.